ஒருமுறை எழுதிய வன்பொருள் மாடல் எல்லா சிமுலேட்டரிலும் ஓட என்ன வேண்டும்?

ஒரு சிப் கைக்கு வந்து சேரும் முன்பே அதற்கான மென்பொருளை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். இன்னும் உருவாகாத சிப்பில் டிரைவரை, அதாவது அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருளை, எப்படி ஓட்டிப் பார்ப்பது? சிப்பைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு நிரலை எழுதி வைத்துக்கொண்டு, அதன் மேல் ஓட்டிப் பார்க்கிறார்கள். இந்த முகவரியில் எழுதினால் இது நடக்கும், அந்த முகவரியைப் படித்தால் அது கிடைக்கும், இத்தனை நேரம் கழித்து இன்டரப்ட் (செயலியின் கவனத்தைக் கூப்பிடும் சமிக்ஞை) வரும் என்று சிப் செய்வதையெல்லாம் செய்துகாட்டும் அந்த நிரலுக்கு மாடல் என்று பெயர். பல மாடல்களைக் கோத்து ஒன்றாக ஓட வைப்பது சிமுலேட்டர்.

சிக்கல் என்னவென்றால், சிமுலேட்டர் ஒன்று மட்டும் இல்லை. டிரைவர் எழுதுபவர்களுக்கு வேகம் வேண்டும், அதனால் அவர்கள் கியூஎமு என்ற சிமுலேட்டரில் ஓட்டுவார்கள். கேஷ் (செயலிக்கு அருகிலுள்ள சிறிய, வேகமான நினைவகம்) எவ்வளவு பெரிதாக இருந்தால் போதும் என்று ஆராய்பவர்களிடம் ஜெம்5 இருக்கும். சிப் முழுவதையும் ஒரே மேடையில் கட்டிப் பார்ப்பவர்கள் சிஸ்டம்சி-யில் எழுதுவார்கள். இன்னொரு குழு சிமிக்ஸ் வைத்திருக்கும். இவர்கள் எல்லோருக்கும் அதே டைமர் வேண்டும், அதே சீரியல் போர்ட் வேண்டும். ஆளுக்கொரு மாடல் எழுதுவார்கள். பிறகு வன்பொருள் குழு ஒரு ரெஜிஸ்டரில் (சாதனத்தில் மென்பொருள் எழுதவும் படிக்கவும் உள்ள சிறு இடம்) ஒரு பிட்டின் பொருளை மாற்றும். மூன்று மாடல்கள் திருத்தப்படும், நான்காவது மறந்துபோகும். ‘உங்கள் சிமுலேட்டரில் ஓடுகிறது, எங்களுடையதில் ஓடவில்லை’ என்ற பேச்சில் ஒரு வாரம் போய்விடும்.

ஒரு மாடலை ஒரே ஒரு முறை எழுதி, எந்த சிமுலேட்டரிலும் செருகிக்கொள்ள முடியாதா? முடியும். ஆனால் அதற்கு எழுதும்போதே சில விஷயங்களை மாடலின் கையிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். அவற்றில் முதலாவது நேரம். ஏன் என்று பார்ப்போம்.

ஒரு சின்ன டைமர்

எடுத்துக்காட்டுக்கு மிக எளிய சாதனம் ஒன்றை வைத்துக்கொள்வோம். ஒரு டைமர். அதற்கு நான்கே ரெஜிஸ்டர்கள்: முகவரி 0-ல் தொடக்க எண், 4-ல் நடப்பு எண், 8-ல் கட்டுப்பாடு, 12-ல் நிலை. தொடக்க எண்ணை எழுதி, கட்டுப்பாட்டில் ‘ஓடு’ பிட்டை வைத்தால், டைமர் 24 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஒன்றொன்றாகக் குறைந்துகொண்டே வரும். பூஜ்யத்தைத் தொட்டதும் இன்டரப்ட் கோட்டை உயர்த்தும். நிலை ரெஜிஸ்டரைப் படித்தால் இன்டரப்ட் அணைந்துவிடும்.

சிஸ்டம்சி பழகியவர் இதை எழுதினால் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்: ஒரு கிளாக் காத்திரு, எண்ணில் ஒன்றைக் கழி, பூஜ்யமா என்று பார், இல்லையென்றால் மறுபடி காத்திரு. பார்க்க அழகாக இருக்கும். வன்பொருள் செய்வதும் அதைத்தானே என்று தோன்றும்.

அந்தக் ‘காத்திரு’ என்ற ஒரு சொல்லில்தான் எல்லாமே மாட்டிக்கொள்கிறது. அது சி++ மொழியில் உள்ள வசதி அல்ல; சிஸ்டம்சி என்ற லைப்ரரிக்குள் இருந்துகொண்டு எது எப்போது ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலரைக் கூப்பிடும் அழைப்பு. ஓடிக்கொண்டிருக்கும் இழையை அப்படியே உறைய வைத்துவிட்டு, நேரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர வைப்பது அந்த ஷெட்யூலரின் வேலை. கியூஎமுவில் சாதன மாடலுக்கு அப்படி ஒரு வசதி கிடையாது. அங்கே ‘இத்தனை மணிக்கு இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு’ என்று சொல்லி வைக்கலாம், அவ்வளவுதான். ஜெம்5-ல் ஒரு நிகழ்வை வரிசையில் போட்டு வைப்பார்கள். ஆகவே இந்த மாடலை வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் அதன் உடம்பையே பிரித்து மறுபடி எழுத வேண்டும்.

ஏன் இத்தனை வேறுபாடு? ஒவ்வொன்றும் பிறந்த காரணம் வேறு. ஃபாப்ரிஸ் பெல்லார் 2003-ல் வெளியிட்ட கியூஎமுவின் குறி, ஒரு வகை செயலிக்கான மென்பொருளை இன்னொரு வகை செயலியில் வேகமாக ஓட்டுவது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எம்5-ம் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜெம்ஸும் இணைந்து உருவான ஜெம்5, கணினிக் கட்டமைப்பை ஆராய்பவர்களுக்கானது. 1999-ல் வந்த சிஸ்டம்சி, வன்பொருளின் பல பாகங்கள் ஒரே சமயத்தில் இயங்குவதை சி++ மொழியில் எழுத வழி செய்வதற்காக வந்தது. 2005-ல் அது ஐஇஇஇ 1666 என்ற தரநிலையாகவும் ஆனது. இதில் யாரும் யாரையும் பார்த்துக் காப்பியடிக்கவில்லை. செயலியையும் சாதனங்களையும் இணைக்கும் பஸ் வழியாக ஒரு கோரிக்கை எப்படிப் போகும் என்பதைக்கூட ஒவ்வொருவரும் தம் தேவைக்கேற்ப வகுத்துக்கொண்டார்கள்.

எண்ணாமல் எண்ணும் டைமர்

அந்த டைமரை வேறு விதமாக யோசிப்போம். 24 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு இரண்டு கோடியே நாற்பது லட்சம் முறை குறைய வேண்டும். ஒவ்வொரு முறையும் ஷெட்யூலரைத் தட்டி எழுப்பினால் சிமுலேட்டர் நகரவே நகராது. ஆனால் இடையில் உள்ள எண்களை யார் பார்க்கிறார்கள்? மென்பொருள் நடப்பு எண்ணைப் படிக்கும்போது மட்டுமே அது என்னவென்று தெரிந்தால் போதும். ஆகவே மாடல் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவை இரண்டே: எந்த நேரத்தில் ஓடத் தொடங்கியது, எந்த எண்ணிலிருந்து தொடங்கியது. யாராவது படித்தால், கழிந்த நேரத்தை வைத்து அந்த நொடியே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். பூஜ்யத்தைத் தொடும் நேரத்தையும் முன்கூட்டியே கணக்கிட்டு, ‘அப்போது என்னை ஒருமுறை கூப்பிடு’ என்று சொல்லி வைத்தால் போதும்.

இப்போது மாடலுக்குள் ‘காத்திரு’ இல்லை. வேகம் கூடிவிட்டது. அதோடு, எந்த சிமுலேட்டரும் தரக்கூடிய ஒரே ஒரு வசதியை, அதாவது ‘இந்த நேரத்தில் என்னைக் கூப்பிடு’ என்பதை மட்டுமே மாடல் கேட்கிறது. மாடல் நேரத்தை ஓட்டுவதில்லை. சொன்ன நேரத்தைக் கேட்டுக்கொள்கிறது. இந்தப் பிரிவினை மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வரும்.

மாடலின் இந்த உட்பகுதியைக் கரு என்று அழைப்போம். சிமுலேட்டரோடு பேசும் மெல்லிய மேலுறை அடாப்டர். கரு ஒன்றே ஒன்று. அடாப்டர் சிமுலேட்டருக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள ஒப்பந்தம் ஏறக்குறைய இவ்வளவுதான்:

கரு தருவது:
படி(முகவரி, அளவு, நேரம்)
எழுது(முகவரி, அளவு, மதிப்பு, நேரம்)
எட்டிப்பார்(முகவரி, அளவு, நேரம்)
மணியடித்தது(நேரம்)
பதில்வந்தது(அடையாள எண், தரவு, நேரம்)
ரீசெட்(நேரம்)

கரு கேட்பது:
எழுப்பு(நேரம்)
இன்டரப்ட்(உயர்வு அல்லது தாழ்வு)
நினைவகம்(எடு அல்லது வை, முகவரி, நீளம், அடையாள எண்)
குறிப்பெழுது(செய்தி)

முதல் பட்டியலை அடாப்டர் கூப்பிடும். இரண்டாவது பட்டியலை அடாப்டர் நிறைவேற்றிக் கொடுக்கும். கருவின் கோப்புகளில் எந்த சிமுலேட்டரின் பெயரும், எந்த சிமுலேட்டரின் தலைப்புக் கோப்பும் இருக்கக் கூடாது. இந்த விதியில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ‘செய்தி அச்சிட மட்டும்தானே, ஒரே ஒரு வரிதானே’ என்று உள்ளே விட்டால், அந்த ஒரு வரிக்காக முழு லைப்ரரியையும் இணைக்க வேண்டியதாகிவிடும். குறிப்பெழுதுவதற்குக்கூட ஒப்பந்தத்தில் தனி இடம் வைத்திருப்பது அதனால்தான்.

ஒவ்வொரு அழைப்பிலும் நேரத்தைக் கொடுப்பது ஏன்? தேவைப்படும்போது ‘இப்போது மணி என்ன’ என்று கரு கேட்டுக்கொண்டால் போதாதா? போதாது என்பதைச் சிஸ்டம்சி காட்டிக்கொடுத்துவிடும். 2008-ல் வெளிவந்து, பிறகு 2011-ல் ஐஇஇஇ தரநிலைக்குள்ளேயே சேர்க்கப்பட்ட டிஎல்எம்-2.0-ல் (சிஸ்டம்சி மாடல்கள் ஒன்றோடொன்று பேசும் முறையை வகுக்கும் பகுதி) வேகத்துக்காக ஒரு ஏற்பாடு இருக்கிறது. செயலி மாடல், சிமுலேட்டரின் பொது நேரத்தைவிடச் சற்று முன்னால் ஓடிக்கொண்டே போகலாம். சாதனத்தைக் கூப்பிடும்போது, ‘பொது நேரத்தைவிட நான் இத்தனை முன்னால் இருக்கிறேன்’ என்று ஒரு தாமத அளவைக் கூடவே கொடுக்கும். அந்தச் செயலியைப் பொறுத்தவரை உண்மையான நேரம், பொது நேரத்தோடு அந்தத் தாமதத்தையும் கூட்டினால் வருவது. கரு பொது நேரத்தை மட்டும் கேட்டு டைமர் எண்ணைக் கணக்கிட்டால், செயலி எத்தனை முறை படித்தாலும் பொது நேரம் நகரும் வரை அதே எண்தான் திரும்ப வரும். டைமர் நின்றுவிட்டதாக டிரைவர் நினைத்துக்கொள்ளும். அடாப்டர் இரண்டையும் கூட்டி, சரியான நேரத்தை அழைப்போடு கொடுத்துவிட்டால் இந்தப் பிரச்சினை எழாது. இரண்டு செயலிகள் இப்படி முன்னும் பின்னுமாக ஓடினால், கருவுக்கு வரும் நேரம் சில சமயம் பின்னோக்கியும் போகலாம். அதைப் பொறுக்க முடியாத சாதனமாக இருந்தால், அடாப்டர் முதலில் பொது நேரம் வந்து சேரும் வரை காத்திருந்துவிட்டு அதன் பிறகு கருவைக் கூப்பிட வேண்டும். அடாப்டர் காத்திருக்கலாம், தவறில்லை. அது சிஸ்டம்சி-க்கே உரிய துண்டு.

41.67 நானோ நொடி

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நானே இதில் மாட்டியிருக்கிறேன்.

24 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கின் ஒரு சுற்று 41.666… நானோ நொடி. முடிவில்லாத தசமம். சிமுலேட்டர்களோ நேரத்தை முழு எண்ணாக வைக்கின்றன. ஜெம்5-ம் சிஸ்டம்சி-யும் வழக்கமாக பிக்கோ நொடியில் எண்ணும். கியூஎமுவின் கடிகாரம் நானோ நொடியில் எண்ணும். சுற்றுக்கு 41 நானோ நொடி என்று வெட்டி வைத்துக்கொண்டு பெருக்கினால், ஒரு நொடிக்கு 16 மில்லி நொடி பிழை வந்துவிடும். பிக்கோ நொடியில் 41,666 என்று வைத்தால் பிழை 16 மைக்ரோ நொடியாகக் குறையும், ஆனால் போகாது. அதாவது ஒரே கரு, இரண்டு சிமுலேட்டர்களில் இரண்டு விடை சொல்லும்.

சரி, சுற்றின் நீளத்தைச் சேமிக்காமல், கழிந்த நேரத்தை அதிர்வெண்ணால் பெருக்கி, பிறகு வகுக்கலாம் என்று தோன்றும். பாதை சரிதான். ஆனால் பிக்கோ நொடியில் ஒரு நொடி என்பது 1-க்குப் பின்னால் பன்னிரண்டு பூஜ்யம். அதை 2.4 கோடியால் பெருக்கினால் 64 பிட்டில் அடங்காது. முக்கால் நொடியைத் தாண்டியதுமே நிரம்பி வழிந்துவிடும். சோதனைகள் பெரும்பாலும் சில மில்லி நொடிதான் ஓடும் என்பதால் இது கண்ணில் படாமல் தப்பிவிடும். தீர்வு பள்ளிக்கூடத்துப் பின்னக் கணக்குதான்: 2.4 கோடியை ஒரு லட்சம் கோடியால் வகுப்பதைச் சுருக்கினால் 3/125000. மூன்றால் பெருக்கி, 125000-ஆல் வகுத்தால் எழுபது நாள் வரை தாங்கும். அல்லது நடுவில் மட்டும் 128 பிட் எண்ணைப் பயன்படுத்தலாம். கியூஎமு இதற்கென்றே பெருக்கி வகுக்கும் ஒரு ஃபங்ஷனை வைத்திருக்கிறது.

நான் மாட்டியது இதற்கும் அடுத்த படியில். 1000 எண்ணுவதற்கு ஆகும் நேரம் 41,666,666.67 பிக்கோ நொடி. கரு அதை மேல்நோக்கி முழுமையாக்கி, 41,666,667-ல் என்னை எழுப்பு என்று சரியாகவே கேட்டது. இரண்டு சிமுலேட்டர்களில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. மூன்றாவதாக, நானோ நொடியில் எண்ணும் ஒரு சிமுலேட்டருக்கு நான் எழுதிய அடாப்டர் அந்த எண்ணை ஆயிரத்தால் வகுத்து, மிச்சத்தை விட்டுவிட்டது. 41,666 நானோ நொடியில் கரு எழுந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் ஒன்று மிச்சம். மறுபடி அதே நேரத்துக்கு எழுப்பச் சொன்னது. அடாப்டர் மறுபடி 41,666 என்றது, அதாவது ‘இப்போதே’. நேரம் ஒரு துளிகூட நகராமல் சிமுலேட்டர் அதே இடத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் கருவைச் சல்லடை போட்டுத் தேடினேன். பிழை கருவில் இல்லை, அடாப்டரின் ஒரே ஒரு வகுத்தலில் இருந்தது. அப்புறம் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தேன்: எழுப்பச் சொன்ன நேரத்துக்கு முன்னால் ஒருபோதும் எழுப்பக் கூடாது, முழுமையாக்கினால் மேல்நோக்கித்தான். இப்படிப்பட்ட வரிகள் ஃபங்ஷன் பெயர்களைவிட முக்கியமானவை. பெயர் தவறினால் கம்பைலர் சொல்லிவிடும், இதைச் சொல்லாது.

படிப்பதும் எட்டிப்பார்ப்பதும்

ஒப்பந்தத்தில் ‘படி’ இருக்கும்போது ‘எட்டிப்பார்’ எதற்கு என்று கேட்கலாம். நம் டைமரின் நிலை ரெஜிஸ்டரைப் படித்தால் இன்டரப்ட் அணைந்துவிடும் என்றேன். சீரியல் போர்ட்டுகளில் பல காலமாகப் புழங்கும் 16550-ஐ எடுத்துக்கொண்டால், அதன் முகவரி 0-ஐப் படித்தால் வரிசையில் முன்னால் நிற்கும் எழுத்து வெளியே வந்துவிடும். அடுத்த முறை படித்தால் அடுத்த எழுத்து. பிழை தேட உதவும் கருவியான டிபக்கரில் ஒருவர் நினைவகத்தின் அந்தப் பகுதியைத் திறந்து வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு எழுத்து காணாமல் போகும். பிழையைத் தேட வந்தவரே புதிய பிழையைக் கொண்டுவந்துவிடுகிறார்.

இதை எல்லோரும் உணர்ந்திருக்கிறார்கள். டிஎல்எம்-2.0-ல் டிபக்குக்கென்றே தனி அழைப்பு இருக்கிறது. ஜெம்5-ல் ‘ஃபங்ஷனல்’ என்றொரு தனி வகை அணுகல் உண்டு. சிமிக்ஸில் ஒரு கோரிக்கை வெறும் விசாரிப்புதானா என்று சொல்லும் குறி உண்டு. பெயர்தான் வேறு, எண்ணம் ஒன்று. ஆகவே கருவில் இதற்குத் தனி வழி வைத்துவிட்டால், அடாப்டர்கள் தத்தம் ஊர்வழக்கில் அதைக் கோத்துக்கொள்ளும். முதலில் ‘படி’ மட்டும் வைத்துவிட்டுப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விடுவது நல்லதல்ல. பக்க விளைவுகள் கருவெங்கும் கலந்துபோன பிறகு பிரித்தெடுப்பது கடினம்.

மதிப்பை பைட் வரிசையாகக் கொடுப்பதா, எண்ணாகக் கொடுப்பதா என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. டிஎல்எம்-2.0 பைட் வரிசையின் சுட்டியைத் தரும். கியூஎமு 64 பிட் எண்ணாகத் தரும். கருவுக்குள் எண்ணாகவே இருக்கட்டும். எந்த பைட் முன்னால், எது பின்னால் என்ற வழக்கை அடாப்டர் தீர்த்துக்கொள்ளட்டும்.

சாதனமே நினைவகத்தைத் தேடிப் போகும்போது

டைமர் சாது. யாராவது கேட்டால் பதில் சொல்லும். டிஎம்ஏ போன்ற சாதனங்கள் அப்படியல்ல, அவையே நினைவகத்திலிருந்து தரவை எடுக்கும், கொண்டுபோய் வைக்கும். கரு ‘நினைவகத்திலிருந்து 64 பைட் எடு’ என்று கேட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே அந்தத் தரவைப் பயன்படுத்தலாம் என்று எழுதினால், அது கியூஎமுவில் ஓடிவிடும். அங்கே பதில் அப்போதே கிடைக்கும். ஜெம்5-ன் ‘டைமிங்’ முறையில் ஓடாது. அங்கே கோரிக்கை ஒரு பாக்கெட்டாகக் கிளம்பும். கேஷ், பஸ் எல்லாவற்றிலும் வரிசையில் நின்று, நேரம் கழிந்த பிறகுதான் பதில் வரும். எதிர்ப்பக்கம் நெரிசலாக இருந்தால், ‘இப்போது முடியாது, பிறகு சொல்கிறேன்’ என்று கோரிக்கையையே திருப்பி அனுப்பிவிடவும் கூடும்.

எனவே கருவை எழுதும்போது மிகக் கடினமான சிமுலேட்டரை மனதில் வைத்து எழுத வேண்டும். கேட்பது ஒரு அழைப்பு, பதில் வருவது வேறொரு அழைப்பு. இடையில் எத்தனை நேரமும் ஆகலாம். எந்தக் கேள்விக்கான பதில் இது என்று தெரிவதற்குத்தான் அடையாள எண். உடனே பதில் தரக்கூடிய சிமுலேட்டரில் அடாப்டர் அந்தப் பதில் அழைப்பை அங்கேயே செய்துவிடும். திருப்பி அனுப்பப்பட்ட கோரிக்கையைப் பிடித்து வைத்து மறுபடி அனுப்புவதும் அடாப்டரின் பாடு. கருவுக்கு அது தெரிய வேண்டியதே இல்லை.

‘அங்கேயே செய்துவிடும்’ என்பதில் ஒரு பள்ளம் இருக்கிறது. கரு ‘எடு’ என்று கூப்பிடுகிறது. அந்த அழைப்பு திரும்பி வருவதற்கு முன்பே, அதற்குள்ளிருந்தே, ‘இதோ வந்துவிட்டது’ என்று பதில் வந்து கதவைத் தட்டுகிறது. கேட்ட பிறகுதான் ‘காத்திருக்கிறேன்’ என்ற நிலைக்கு மாறுவது என்று கருவை எழுதியிருந்தால், பதில் வரும்போது கரு இன்னும் பழைய நிலையில் இருக்கும். பதிலைத் தூக்கி எறிந்துவிட்டு, அதன் பிறகு என்றைக்கும் வராத பதிலுக்காகக் காத்திருக்கும். நிலையை முதலில் மாற்று, பிறகு கேள். இந்த வரிசையைப் பழக்கமாக்கிக்கொண்டால் போதும்.

எதிர்பாராத நன்மை: நிறுத்தி வைத்துத் தொடர்வது

கருவின் நிலை முழுவதும் சில எண்களாக ஒரே இடத்தில் இருப்பதால் இன்னொரு வசதி கிடைக்கிறது. இயங்குதளம் துவங்கி முடிக்கும் வரை சிமுலேட்டரை ஓட்டி, அந்த நிலையைச் சேமித்து வைத்துவிட்டு, பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் அங்கிருந்து தொடரலாம். ஜெம்5, கியூஎமு, சிமிக்ஸ் மூன்றும் இதைச் செய்யும். முறைதான் வேறு வேறு. ‘காத்திரு’ என்று பாதியில் உறைந்து நிற்கும் இழையை இப்படிச் சேமிக்க முடியாது, ஏனென்றால் அது எந்த வரியில் நிற்கிறது என்பது அந்த இழைக்கே உரிய நினைவகப் பகுதியான ஸ்டேக்கில் புதைந்து கிடக்கிறது. நம் டைமருக்கோ ‘தொடங்கிய நேரம், தொடங்கிய எண், கட்டுப்பாடு, நிலை’ என்று நான்கு எண்கள் போதும். மீட்டெடுத்தபின் எழுப்ப வேண்டிய நேரத்தைக் கரு மறுபடி கணக்கிட்டுக் கேட்டுக்கொள்ளும்.

சி++ கிளாஸா, சி ஃபங்ஷனா?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் மூலநிரலிலிருந்து நீங்களே கம்பைல் செய்வதாக இருந்தால் சி++ கிளாஸ் போதும். கருவை ஏற்கெனவே கம்பைல் செய்த கோப்பாக மற்றவர்களிடம் கொடுப்பதாக இருந்தால், எல்லையில் சாதாரண சி ஃபங்ஷன்களை வையுங்கள். வெவ்வேறு கம்பைலர்கள் சி++ கிளாஸ்களை நினைவகத்தில் அடுக்கும் விதம் ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது. கியூஎமு சி மொழியில் எழுதப்பட்டது என்பதும் இன்னொரு காரணம்.

இதே பாதையில் முன்பே நடந்து வென்றவர்கள் இருக்கிறார்கள். கார் தயாரிப்பில் எஞ்சின், பிரேக், பேட்டரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கருவியில் மாடல் செய்வார்கள். அவற்றை ஒன்றாக ஓட்ட வழியில்லாமல் தவித்ததில் பிறந்தது எஃப்எம்ஐ என்ற தரநிலை; முதல் பதிப்பு 2010-ல் வந்தது. அதன்படி ஒரு மாடல் என்பது ஒரு ஜிப் கோப்பு. உள்ளே விவரம் சொல்லும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பும், சி ஃபங்ஷன்களாகக் கூப்பிடக்கூடிய நிரலும் இருக்கும். அங்கேயும் நேரம் மாடலின் கையில் இல்லை. ‘இவ்வளவு நேரம் முன்னே போ’ என்று வெளியிலிருந்துதான் சொல்வார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகள் இதைப் புரிந்துகொள்கின்றன. இயற்பியல் அமைப்புகளை மனதில் வைத்து வளர்ந்தது என்பதால், பஸ் கோரிக்கையும் இன்டரப்ட்டும் நிறைந்த சிப் உலகத்துக்கு அது அப்படியே பொருந்தாது. ஆனால் சிந்தனை நம்முடையதுதான்.

எது பெயராது

எல்லா மாடலையும் இப்படிக் கருவாகப் பிரித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். டைமர், சீரியல் போர்ட், இன்டரப்ட் கன்ட்ரோலர், டிஎம்ஏ, குறியாக்க முடுக்கி போன்றவை எளிதில் பெயரும். ஜெம்5-ன் செயலி பைப்லைனையோ, பல கேஷ்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதற்கான நெறிமுறையையோ எடுத்துக்கொண்டால், அவை அந்த சிமுலேட்டரின் நினைவக அமைப்போடு நகமும் சதையுமாக ஒட்டியிருக்கின்றன. அவற்றைப் பெயர்க்கப் பார்ப்பதைவிட, இரண்டு சிமுலேட்டர்களையே பாலம் போட்டு இணைப்பது நல்லது. ஜெம்5-ஐ சிஸ்டம்சி-யோடு இணைக்கும் பாலம் ஜெம்5-ன் மூலநிரலிலேயே இருக்கிறது. பாலத்துக்கு விலையும் உண்டு: இரண்டு ஷெட்யூலர்களில் யார் பெரியவர் என்று தீர்மானிக்க வேண்டும், இரண்டின் நேரமும் விலகாமல் அடிக்கடி ஒத்துப்பார்க்க வேண்டும். அந்த ஒத்துப்பார்த்தலில் வேகம் குறையும்.

வன்பொருளை விவரிக்கும் மொழியான வெரிலாக்கில் எழுதிய வடிவமைப்பை வெரிலேட்டர் என்ற கருவி கொண்டு சி++ ஆக மாற்றுவது இன்னொரு வழி. அது துல்லியமானது, ஆனால் அந்த மாடலுக்கு ‘படி’, ‘எழுது’ தெரியாது. கம்பிகளும் கிளாக்கும்தான் தெரியும். ஒரு படிப்பைப் பல கிளாக் சுற்றுகளாகப் பிரித்து, எந்தக் கம்பியை எப்போது உயர்த்துவது என்று சொல்லும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நடுவில் வைக்க வேண்டும். நாம் எழுதிய கருவும் அந்த வெரிலாக் மாடலும் ஒரே சோதனைக்கு ஒரே பதில் சொல்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது, இரண்டிலும் ஒளிந்திருக்கும் பிழையைப் பிடிக்க நல்ல வழி.

சோதனை என்று வந்ததால் சொல்கிறேன்: நீங்கள் எழுதும் முதல் அடாப்டர் எந்த சிமுலேட்டருக்குமானதாகவும் இருக்க வேண்டாம். நூறு வரியில் ஒரு பொய் சிமுலேட்டர் போதும். எழுப்ப வேண்டிய நேரங்களை ஒரு பட்டியலில் வைத்திருக்கும், இன்டரப்ட் உயர்ந்ததா தாழ்ந்ததா என்று குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதில் நேரத்தின் அலகை நானோ நொடிக்கும் பிக்கோ நொடிக்கும் மாற்றிப் பார்க்கலாம். நினைவகப் பதிலை உடனே கொடுத்துப் பார்க்கலாம், ஆயிரம் நானோ நொடி தாமதித்துக் கொடுத்துப் பார்க்கலாம். மேலே சொன்ன சுற்றிக்கொண்டே இருக்கும் பிழையும், பதிலைத் தூக்கி எறியும் பிழையும் இதிலேயே சிக்கிவிடும், அதுவும் கம்பைல் செய்த கையோடு.

உங்களிடம் ஏற்கெனவே எழுதிய மாடல் ஒன்று இருந்தால், அதன் பிரதியை ஒரு தனிக் கோப்புறையில் போட்டு, சிமுலேட்டரின் தலைப்புக் கோப்புகளைக் குறிப்பிடும் வரிகளை மட்டும் நீக்கிவிட்டுக் கம்பைல் செய்து பாருங்கள். திரை முழுக்கப் பிழைகள் வரும். ஒவ்வொன்றையும் படித்து, இது நேரமா, இன்டரப்ட்டா, நினைவகமா, குறிப்பெழுதுவதா என்று பக்கத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். நேரம் என்று எழுதியவற்றிலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.